அகராதி கண்ட தாவர அறிஞர் ரோட்லர்

தமிழகராதி வரலாற்றில் வீரமாமுனிவர், பப்ரிசியஸ், ரோட்லர், வின்சுலோ என்னும் வரிசை தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. அவ்வரிசையில் மூன்றாமவராகிய ரோட்லரைப் பற்றி நம்மவர் அறிந்துள்ளதோ பெரும்பாலும் பெயரளவில் நின்றுவிடுகிறது. சென்னை வேப்பேரியில் வாழ்ந்த கிறித்தவ ஊழியர். நான்கு பகுதிகளாகத் தமிழ்-ஆங்கில அகராதி ஒன்றைத் தொகுத்தவர். அது முற்றுப்பெறும் முன்னரே மறைந்தவர் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் இரண்டொரு வரியில் கூறி அப்பால் சென்றுவிடும். தாவரவியலாரை வினவினால் அவர்கள் காட்டும் ரோட்லர் வேறொருவர் போலத் தோன்றுவார். தரங்கம்பாடியிலிருந்து உலர்த்திய செடிகளைக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பியவர் அவர். இங்கிலாந்தின் கியூ தாவரப் பூங்காவில் இன்றும் பேணப்படும் செடித்தாள்களை விட்டுச் சென்றவர் அவர். அகராதியாசிரியரைத் தாவரவியலார் பொருட்படுத்துவதில்லை. தாவர அறிஞரைத் தமிழறிஞர் எண்ணிப் பார்ப்பதில்லை. இவ்விரு பணியும் ஒரே மனிதரின் ஒரே வேட்கையிலிருந்து பிறந்தவை என்பது அவருடைய நெடிய வாழ்வைத் தொடர்ந்து நோக்குவார்க்குப் புலனாகும்.

யோகான் பீட்டர் ரோட்லர் 1749ஆம் ஆண்டு ஜூன் திங்களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பிறந்தார். ரைன் ஆற்றை அடுத்த அந்நகர் அன்று பிரெஞ்சு மன்னரின் ஆட்சியில் இருந்தது. மக்கள் பேசியதோ ஜெர்மன். அரசின் மொழி ஒன்றாகவும் வீட்டின் மொழி வேறாகவும் இருக்கும் எல்லைப்புறத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பொருள் இரு பெயரால் வழங்கப்படுவது வியப்பாக இருந்திராது. அந்நகரிலேயே பள்ளிக் கல்வியும் பல்கலைக்கழகக் கல்வியும் பெற்றார். 1775இல் டென்மார்க்கின் தலைநகராகிய கோபன்கேகனில் குருப்பட்டம் பெற்று, மறு ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தேழு. அதன்பின் அறுபது ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அவ்வறுபது ஆண்டுகளும் அவருடைய வாழ்விடம் இந்நாடாகவே இருந்தது.

தரங்கம்பாடி 1620 முதல் டேனியர் கோட்டை. 1706இல் அங்கு வந்த சீகன்பால்கு தமிழ் கற்றதும் அச்சுக்கூடம் நிறுவியதும் பலராலும் எழுதப்பட்டுள்ளன. அத்துணை எழுதப்படாத வழக்கம் ஒன்று அவ்வூரில் வேரூன்றியிருந்தது. ஊழியர்கள் ஜெர்மனியின் ஹாலே நகரத்திலுள்ள தலைமையிடத்துக்கு நீண்ட கடிதங்கள் எழுதியாக வேண்டும். சமயப் பணியோடு நாட்டின் பருவநிலை, பயிர், நோய், மருந்து, மக்கள் வழக்கம் ஆகியனவும் அக்கடிதங்களில் இடம்பெறும். அவை ஹாலேயில் அச்சாகி ஐரோப்பாவெங்கும் படிக்கப்பட்டன. கண்டதைக் காலமும் இடமும் குறித்து எழுதும் பயிற்சி அவ்வூரில் புதிதாக வருவோர்க்கெல்லாம் முதற்பாடமாக அமைந்தது. ரோட்லரும் தமிழைக் கற்றுக்கொண்டே இப்பயிற்சியையும் பெற்றார். செடிகளின்பால் அவர் மனத்தைத் திருப்பியவர் அங்கு மருத்துவராக வந்திருந்த கோனிக்.

யோகான் கெர்கார்டு கோனிக் ரோட்லரைவிட இருபது ஆண்டுகளுக்கு மேல் மூத்தவர். சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசிடம் நேரில் பயின்றவர். 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பின்னர் ஆர்க்காட்டு நவாபிடம் பணியில் அமர்ந்தார். 1778இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயற்கையாய்வாளராகிச் சயாம், மலாக்கா வரை சென்று மீண்டார். எங்குச் சுற்றினாலும் தரங்கம்பாடித் தொடர்பை அவர் விட்டாரில்லை. இங்குக் கண்ட செடிகளையும் அவற்றின் விளக்கங்களையும் லின்னேயசுக்கு எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். கறிவேப்பிலைக்கு லின்னேயஸ் அளித்த லத்தீன் பெயரில் கோனிக்கின் பெயர் சேர்ந்தது இத்தொடர்பினால்தான். நாள்தோறும் தாளிதத்தில் போட்டு, உண்ணும்போது ஒதுக்கிவைக்கும் இலைக்கு உலக அரங்கில் ஒரு தரங்கம்பாடி மருத்துவரின் பெயர் வழங்குவதை நம் இல்லங்களில் எத்தனை பேர் அறிவர்!

சோழமண்டலக் கரையிலிருந்து செடிகள் கடல் கடந்த வரலாறு கோனிக்கிலிருந்து தொடங்கவில்லை. அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் என்னும் ஆங்கிலேயர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் திரட்டிய செடிகளைத் தாள்களில் ஒட்டி லண்டனுக்கு அனுப்பினார். அவருக்குப் பின் எட்வர்டு பல்க்லி அப்பணியைத் தொடர்ந்தார். லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜேம்ஸ் பெட்டிவர், பிரவுன் அனுப்பிய செடிகளைப் பற்றிய குறிப்புகளை 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ராயல் கழகத்தின் ஆய்விதழில் தொடர்ந்து வெளியிட்டார். அவற்றில் செடிகளின் தமிழ்ப்பெயர்களும் மருத்துவப் பயன்களும் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றன. கேட்டவர் ஆங்கிலேயர், அதை எழுதியவர் ஒருவர், அச்சிட்டவர் வேறொருவர், ஆகவே தமிழ்ச்சொற்கள் உருக்குலைந்து கிடப்பதில் வியப்பில்லை. எனினும் அச்சொற்களைச் சொன்னவர்கள் நம் ஊர் வைத்தியர்களும் சிற்றூர் மக்களும் என்பதில் ஐயமில்லை. அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் ஏறவில்லை. பெட்டிவரின் தொகுப்பை அவர் இறந்தபின் ஹான்ஸ் ஸ்லோன் என்பார் விலைக்கு வாங்கினார். அது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. முசுமுசுக்கையின் லத்தீன் பெயரில் மதராசப்பட்டினம் ஒலிப்பதும் இப்படிச் சென்னையிலிருந்து போன செடிகளின் அடையாளமே.

பிரவுன் காலத்துக்கும் கோனிக் காலத்துக்கும் இடையே ஒரு பெரிய மாற்றம் நிகழ்ந்திருந்தது. முன்னர் ஒரு செடியைக் குறிக்க ஒரு வரி முழுவதும் லத்தீன் அடைமொழிகள் வேண்டியிருந்தன. 1753இல் லின்னேயஸ் ஒவ்வொரு செடிக்கும் இரண்டே சொற்களால் பெயர் என்று நிலைநாட்டினார். முதலில் பெயரிட்டு விளக்கத்தோடு அச்சில் வெளியிட்டவரின் பெயரே அச்செடியின் பெயருக்குப் பின் நிற்கும் என்பதும் வழக்காயிற்று. இவ்வழக்கம் ஐரோப்பாவில் இருப்போர்க்கு எளிது. அச்சுக்கூடமும் நூலகமும் அவர்கள் தெருவிலேயே இருந்தன. தரங்கம்பாடியில் இருப்பவரின் நிலையோ வேறு. தம் கண்முன் நிற்கும் செடி புதியதா, முன்னரே எவரேனும் பெயரிட்டதா என்று உறுதி செய்யவேண்டிய நூல் அவர் கையில் இராது. எழுதிக் கேட்கலாம். தென்னாப்பிரிக்க முனையைச் சுற்றிக் கப்பல் ஐரோப்பா சேரவே ஏறக்குறைய ஆறு திங்களாகும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இக்கரையில் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கத் துணியா. மறுமொழி கிடைக்க ஒன்றரை ஆண்டு, சில வேளை அதற்கும் மேல். அதற்குள் வேறொருவர் வேறொரு நாட்டிலிருந்து பெற்ற அதே செடிக்கு வேறொரு பெயரை அச்சிட்டிருப்பார்.

செடியை உலர்த்துவதும் எளிதன்று. தாளிடையே வைத்துப் பளு ஏற்றி, ஈரம் உறிஞ்சிய தாளை நாள்தோறும் மாற்றவேண்டும். ஐப்பசி மழையில் ஒருநாள் தவறினாலும் பூஞ்சணம் படரும். பூஞ்சணத்துக்குத் தப்பியது கரையானுக்கு இரையாகும். தாளும் விலையுயர்ந்த பொருள். இத்தனைக்கும் தப்பிய கட்டுகள் கப்பல் ஏறிய பின்னும் கடல்நீரும் போரும் காத்திருந்தன. பகை நாட்டார் கப்பலைப் பிடித்தால் கடிதமும் செடியும் எவர் கைக்குப் போகும் என்று சொல்ல இயலாது. இவ்வளவு இடர்ப்பாட்டுக்கிடையில் ஒரு புல்லின் பூவைப் பற்றி ஒரு முழுக் கடிதம் எழுதியவர்களை எண்ணினால், அவர்கள் உள்ளத்தில் இருந்த அவா எத்தகையது என்று ஒருவாறு உணரலாம்.

தனியொருவரால் ஆகாததைக் கூட்டாகச் செய்யும் வழியைக் கோனிக்கும் அவர் தோழர்களும் கண்டனர். ஒன்றுபட்ட சகோதரர் என்ற பொருள்படும் பெயரோடு ஒரு சிறு குழு தரங்கம்பாடியில் உருவாயிற்று. ரோட்லர், சங்குசிப்பிகளும் மீன்களும் திரட்டிய கிறிஸ்தோப் சாமுவேல் ஜான், மருத்துவர் கிளைன், 1792இல் வந்த பெஞ்சமின் ஹெய்ன் ஆகியோர் அதில் இருந்தனர். நாளடைவில் கம்பெனிப் பணியிலிருந்த ஆங்கிலேயரும் ஸ்காட்லாந்தினரும் சேர்ந்தனர்: சாமல்கோட்டையில் தோட்டம் அமைத்த வில்லியம் ராக்ஸ்பர்க், சென்னையின் தலைமை மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கல்கத்தாவில் நீதிபதியாயிருந்த வில்லியம் ஜோன்ஸ் வரையில் அக்குழு விரிந்தது. டேனியர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் என்ற வேற்றுமை அங்குக் குறுக்கிடவில்லை. அவரவர் கண்ட செடியை மற்றவர்க்கு அனுப்புவர். கருத்து ஒத்தபின் ஒரு பெயரைத் தீர்மானிப்பர். அப்பெயருக்குப் பின்னே தனியொருவர் பெயரை எழுதாமல், எம்மால் என்று பொருள்படும் ஒரு லத்தீன் சொல்லை மட்டும் எழுதுவர்.

இவ்வழக்கம் அறிவுலக வரலாற்றில் அரியது. ஒரு பாடலில் ஒரு சொல் தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் புலவர் உலகத்துக்கு இது சற்றே நாணம் தரக்கூடியதுங்கூட. ஆயினும் அந்த லத்தீன் சொல் தமிழில் எழுதப்பட்டிருக்குமானால் ஒரு சிக்கல் எழுந்திருக்கும். தமிழ் தன்மைப் பன்மையை இரண்டாகப் பகுக்கிறது. முன்னிலையாரையும் உளப்படுத்தும் நம்மால் வேறு, அவரை விலக்கும் எங்களால் வேறு. காட்டிலும் கழனியிலும் செடியைப் பறித்து வந்து கொடுத்தவர், அதன் பெயரைச் சொன்ன நாட்டு வைத்தியர், உலர்த்தும் தாளை மாற்றிய பணியாள் ஆகியோர் எந்தச் சொல்லில் அடங்குவர்? சகோதரர்களின் செடித்தாள்களில் இருந்தது எங்களால் என்னும் பொருளே. லத்தீனில் எழுதியதால் அப்பிரிவு வெளியில் தெரியாமல் போயிற்று.

அச்சகோதரர்களுக்கும் அதே போன்ற ஒரு விலக்கு மேலிருந்து வந்தது. அவர்கள் பெயரிட்டுச் செடியோடு அனுப்பிய கட்டுகளை லுண்டு நகரின் ரெட்சியஸ், கோபன்கேகனின் வால், பெர்லினின் வில்டெனோ, ரோத், ஷ்ராடர், லண்டன் லின்னேயக் கழகத்தை 1788இல் தோற்றுவித்த ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் போன்றோர் பெற்றனர். பெற்றவர்களே நூலில் வெளியிட்டனர். அனுப்பியவர் இட்ட பெயரை அவர்களுள் பலர் மதித்து ஏற்றதும் உண்டு. ஏற்றாலும் பெயருக்குப் பின் நின்றது வெளியிட்டவரின் பெயரே. கூட்டுறவின் அடையாளமாக எழுதப்பட்ட அச்சொல் கடலைக் கடக்கவில்லை. கோனிக் 1785இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில் நோயுற்று இறந்தார். ராக்ஸ்பர்க் உடனிருந்து மருத்துவம் பார்த்தார். கோனிக்கின் கையெழுத்துப் படிகள் அவர் விருப்பப்படி லண்டனில் ஜோசப் பேங்க்சிடம் சேர்ந்தன. அவற்றுட் பெரும்பகுதி அச்சேறாமலே இருந்தது.

ஆசிரியருக்கு நேர்ந்ததை ரோட்லர் கண்டிருந்தார். அதனாற்றானோ என்னவோ, சகோதரர் குழுவில் தாம் கண்ட செடிகளைத் தம் பெயராலேயே அச்சில் வெளியிட்டவர் அவர் ஒருவரே. 1799-1800இல் தரங்கம்பாடியிலிருந்து சென்னைக்குச் சென்று மீண்ட பயணத்தில் வழிநெடுகக் கண்ட செடிகளைக் குறித்து எழுதினார். அது 1803இல் பெர்லின் இயற்கையாய்வாளர் கழகத்தின் வெளியீட்டில் வில்டெனோவின் குறிப்புகளோடு வந்தது. ஊர்வழியே செல்லும் ஒருவர் குளக்கரையில் நின்று, மணல்வெளியில் குனிந்து, சாலையோரப் புதரை விலக்கிப் பார்த்தெழுதிய நாட்குறிப்பு அது. பெருங்காடுகளின் அரிய மலர்களைக் காட்டிலும் காலடியில் மிதிபடும் சிறுசெடிகளே அதில் மிகுதி. இலங்கைக்கும் அவர் சென்று செடி திரட்டினார். 1795இல் ஐரோப்பாவிலிருந்து டாக்டர் பட்டம் அவரைத் தேடி வந்தது. அது முதல் டாக்டர் ரோட்லர் என்றே வழங்கப்பெற்றார்.

வில்டெனோ தம் நண்பருக்கு மற்றொரு சிறப்பும் செய்தார். 1797இல் ஒரு மரப் பேரினத்துக்கு ரோட்லரின் பெயரைச் சூட்டி ரோட்லெரா என்றார். ராக்ஸ்பர்க் தம் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் என்னும் பெருநூலில் அம்மரத்தின் வண்ணப்படத்தை வெளியிட்டுச் சாயத்துக்குரியது என்ற அடைமொழியையும் சேர்த்தார். அம்மரத்தை நாம் அறிவோம். சிறு காய்களின்மேல் குங்குமம் அப்பியது போலச் செந்தூள் படிந்திருக்கும். அத்தூளைக் கபிலப்பொடி என்பர் மருத்துவர். குடற்புழுவுக்கு மருந்து, பட்டுக்குச் சாயம். கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் உலர்ந்த காடுகளில் அது இயல்பாக வளர்வது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் என்று காவிரியை நோக்கிச் சரியும் மலைச்சரிவுகளும் அத்தகைய காடுகளே.

இப்பகுதி ரோட்லரின் தோழர்களுக்கு நெடுங்காலம் எட்டாத நிலமாயிருந்தது. 1792 உடன்படிக்கையால் கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தபோதும் ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் திப்புவிடமே இருந்தன. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்த பின்னரே வழி திறந்தது. மெக்கன்சியின் மைசூர் நில அளவைக் குழுவில் தாவர ஆய்வாளராக வந்தவர் தரங்கம்பாடிச் சகோதரராகிய ஹெய்னே. 1800இல், ஐதர் அலி அமைத்த பெங்களூர் லால்பாக் தோட்டம் அவர் பொறுப்பில் விடப்பட்டது. அதே ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாடு முழுதும் சுற்றினார். தாம் திரட்டியதை ஸ்மித்துக்குக் கொடுத்தார். போர் முடிந்த சில திங்களிலேயே படைவீரர் நடந்த வழியில் செடி தேடுவோர் நடந்தனர். அறிவும் ஆட்சியும் எவ்வளவு நெருங்கி வந்தன என்பதை இத்தேதிகளே காட்டும். அச்செடி நூல்களைப் போற்றும்போதும் இதை மறத்தல் ஆகாது.

ஒரு செடிக்குப் பெயர் காண்பது எவ்வளவு கடினம் என்பதை இவ்வெல்லைப்புறத்தார்க்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. ஒரே சந்தையில் ஒருவர் புளி என்பதை மற்றவர் ஹுணசே என்பார், மூன்றாமவர் சிந்த என்பார். விலை பேசுவதில் எவருக்கும் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் எழுதுவோனுக்கே. சாமல்கோட்டையில் தெலுங்குப் பெயரோடு பதிந்த செடியும் தரங்கம்பாடியில் தமிழ்ப்பெயரோடு பதிந்த செடியும் ஒன்றே என்று தெளிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும். இருவரிடையே கடிதம் நின்றுபோனால் ஒரு செடி இரண்டாகிவிடும்.

கடிதங்கள் நிற்கும் காலமும் வந்தது. 1803இல் வேப்பேரியில் பணியாற்றிய கெரிக்கே இறந்தார். அவ்விடத்தைக் கவனிக்கத் தரங்கம்பாடியார் ரோட்லரைச் சென்னைக்கு அனுப்பினர். வேப்பேரிப் பணியோ லண்டனிலுள்ள சங்கத்தின் கீழ் இருந்தது. அச்சங்கத்தின் ஊழியராகிய பேட்சோல்டு மீண்டு வந்ததும் ரோட்லர் ஒதுங்க நேர்ந்தது. ஐம்பத்தைந்து வயதில், டேனியரின் ஊழியராகவும் இல்லாமல் ஆங்கிலேயரின் ஊழியராகவும் ஆகாமல், கறுப்பர் நகரக் கோயிலிலும் பெண் அனாதைப் பிள்ளைகள் விடுதியிலும் குருவாகப் பணி செய்து காலம் கழித்தார். 1808 முதல் 1815 வரை தரங்கம்பாடியே ஆங்கிலேயர் வசம் இருந்தது. நெப்போலியன் போர்களால் ஜெர்மனியோடும் டென்மார்க்கோடும் தபால் அறுந்தது. வில்டெனோ 1812இல் மறைந்தார். ஜான் 1813இல், ராக்ஸ்பர்க் 1815இல், ஹெய்ன் 1819இல், கிளைன் 1821இல் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். எம்மால் என்று எழுதிய தரங்கம்பாடித் தோழருள் எஞ்சியவர் ரோட்லர். 1817இல் பேட்சோல்டு இறந்தபின் வேப்பேரிப் பொறுப்பு மீண்டும் அவரிடம் வந்தபோது அவர் எழுபதை நெருங்கியிருந்தார்.

பெரும்பாலோர் ஓய்வை நாடும் வயதில் அவர் தம் இரண்டாவது பெரும்பணியைத் தொடங்கினார். ஆங்கிலத் திருச்சபையின் பொது வழிபாட்டு நூலை முன்னரே தமிழாக்கியிருந்தார். எல்லிஸ் போன்றோர் தூண்டுதலால் சென்னையில் தமிழ்க் கல்வி தழைத்திருந்த காலம் அது. வீரமாமுனிவரின் சதுரகராதியும் 1779இல் வேப்பேரியில் அச்சான பப்ரிசியசின் அகராதியும் அவர்முன் இருந்தன. அவற்றை விரித்து, பேச்சு வழக்கையும் நூல் வழக்கையும் ஒருங்கே கொள்ளும் தமிழ்-ஆங்கில அகராதியைத் தொகுத்தார்.

அவ்வகராதியைப் புரட்டுவோர் செடி, கொடி, மரப்பெயர்களில் சற்று நிற்கவேண்டும். நம் பழைய நிகண்டுகளில் மரப்பெயர்த் தொகுதி உண்டு. ஒரு மரத்துக்குரிய பெயர்களையெல்லாம் அது அழகாகத் தொகுத்துத் தரும். எந்த மரம் என்று மட்டும் சொல்லாது. மரத்தைக் கண்ணால் கண்டு வளர்ந்தோர்க்காக எழுந்த நூல் அது. காணாதவனுக்கு, ஒரு செடி வகை என்பதற்கு மேல் ஒன்றும் கிட்டாது. ரோட்லரின் அகராதியிலோ தமிழ்ப்பெயர் பலவற்றின் எதிரே லத்தீன் தாவரப்பெயர் நிற்கிறது. அவ்விரண்டையும் இணைக்கும் ஒரு வரிக்குப் பின்னால் செடியைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கேட்ட நாற்பது ஆண்டு நடை இருக்கிறது. ஐரோப்பாவுக்கு அனுப்பிய கடிதங்களில் தமிழ்ப்பெயரை விட்டு லத்தீன் பெயரைத் தேடியவர், அகராதியில் லத்தீனிலிருந்து தமிழுக்குத் திரும்பி வந்தார். எல்லாம் பிழையற்றவை என்று சொல்வதற்கில்லை; ஒரே தமிழ்ப்பெயர் ஊருக்கு ஊர் வேறு செடியைக் குறிக்கும் நாட்டில் அது எவர்க்கும் இயலாது. ஆயினும் அவருக்குப் பின் 1862இல் வந்த வின்சுலோவும், 1924 முதல் வெளியான சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும் செடிப்பெயர்க்கு லத்தீன் பெயர் தரும் இதே முறையில் நின்றன. சங்கப் பாடலில் ஒரு பூவின் பெயரைக் கண்டு அது எது என்று அகராதியைத் தேடும் இன்றைய கவிஞரும் இம்முறையின் பயனைத் துய்ப்பவரே.

1834இல் வேப்பேரி அச்சகத்திலிருந்து அகராதியின் முதற்பகுதி வெளிவந்தது. ஒரு பொருத்தம்: அதே ஆண்டு லண்டனில் ராபர்ட் வைட்டும் ஆர்னட்டும் தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு, அதன் முகவுரையில் தரங்கம்பாடிச் சகோதரர்களின் வரலாற்றை எழுதினர். முதியவர் உயிரோடிருக்கும்போதே அவருடைய இளமை வரலாறாகிவிட்டது. 1836 ஜனவரி 24ஆம் நாள் ரோட்லர் தம் எண்பத்தாறாம் அகவையில் வேப்பேரியில் காலமானார். எஞ்சிய பகுதிகளை வில்லியம் டெய்லரும் வேங்கடாசல முதலியாரும் திருத்தி, 1841இல் நிறைவு செய்தனர். பிற்பகுதிகளின் முகப்புப் பக்கத்தில் முதலியாரின் பெயரும் அச்சாகியுள்ளது. செடித்தாள்களில் இடம்பெறாத தமிழர்க்கு அகராதியில் ஓரிடமேனும் கிடைத்தது.

அவர் சேர்த்த செடித்தொகுப்பு லண்டனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கிங்ஸ் கல்லூரியில் சில பத்தாண்டுகள் கிடந்து, 1870களின் தொடக்கத்தில் கியூவை அடைந்தது. வில்டெனோவின் தொகுப்பு 1943இல் பெர்லின் தாவரக் காட்சியகம் குண்டு வீச்சில் எரிந்தபோதும் தப்பியது. தரங்கம்பாடிச் செடிகள் அதிலும் உள்ளன. கியூவின் செடித்தாள்கள் பலவற்றை இப்போது கணினித் திரையிலேயே காணலாம்.

ரோட்லெரா என்ற பெயர் நிலைக்கவில்லை. அம்மரத்தைப் பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1786இலேயே பிலிப்பைன்ஸ் தீவுகளின் பெயரால் குறித்திருந்தார். பேரினத்துக்கும் லூரெய்ரோ 1790இல் வைத்த பெயர் முந்தியிருந்தது. முந்தியதே செல்லும் என்ற விதிப்படி 1865இல் முல்லர் என்பார் இரண்டையும் இணைத்து மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் என்றாக்கினார். நம் மலைக்காட்டு மரம் ஒருபோதும் காணாத தீவுக்கூட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரோட்லரின் பெயரை இன்றும் சுமப்பவற்றுள் ஒன்று ஒரு களைச்செடி. குரோசோபோரா ரோட்லெரி என்பது அதன் பெயர். நெல் அறுத்த வயலிலும் நீர் வற்றிய ஏரிப்படுகையிலும் சாம்பல் பூத்த இலைகளோடு தரையை ஒட்டி வளரும். அதன் காயை விரலால் நசுக்கினால் ஊதா கலந்த நீலச்சாறு ஒட்டிக்கொள்ளும்.